10 ஹெக்டோபாஸ்கலில் (சுமார் 30 கி.மீ. உயரத்தில்) உடைந்த துருவச் சுழல் தரைக்கு வருமா? 2018-ல் வந்தது, 2019-ல் ஏன் வரவில்லை?

#1 வடமுனை

கார்த்திகை முடிவதற்குள் அந்தப் படம் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிடும். வட துருவத்துக்கு மேலே சிவப்பாக ஒரு திட்டு, கீழே "துருவச் சுழல் உடைகிறது, ஐரோப்பா உறையப் போகிறது" என்று ஒரு வரி. சில வருடம் பலிக்கிறது. சில வருடம் சத்தமில்லாமல் பதிவை அழிக்க வேண்டியிருக்கிறது.

பேச்சு அந்தரத்தில் தொங்காமல் இருக்க இரண்டு குளிர்காலங்களை மேசையில் வைக்கிறேன்.

2018: பிப்ரவரி 12 அன்று 60 டிகிரி வடக்கில், 10 ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்த மட்டத்தில் (சுமார் 30 கி.மீ. உயரம்) மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருந்த காற்று திசை திரும்பிக் கிழக்கிலிருந்து வீசத் தொடங்கியது. சுழல் இரண்டாகப் பிளந்தது. இரண்டே வாரத்தில் சைபீரியக் குளிர் ஐரோப்பா முழுக்க இறங்கியது. பிரிட்டிஷ் பத்திரிகைகள் 'கிழக்கிலிருந்து வந்த மிருகம்' என்றன. ஸ்காட்லாந்துக்குப் பனிப்பொழிவுக்காகச் சிவப்பு எச்சரிக்கை. மார்ச் 1 அன்று பிரிட்டனின் எரிவாயுக் கட்டமைப்பை நடத்திய நேஷனல் கிரிட் பற்றாக்குறை எச்சரிக்கையே விட்டது.

2019: ஜனவரி பிறந்ததுமே அதே திருப்பம். கிழக்குக் காற்று ஏறக்குறைய மூன்று வாரம் நீடித்தது. கணக்குப்படி இது 2018-க்கு இளைத்ததில்லை. ஆனால் பிரிட்டன் காத்திருந்த பெருங்குளிர் வரவில்லை. பிப்ரவரி 26 அன்று லண்டன் கியூ பூங்காவில் 21.2 டிகிரி. அந்நாட்டின் குளிர்கால மாதங்களில் அதுவரை பதிவாகாத வெப்பம். மிருகம் வந்து சரியாக ஒரு வருடம்!

மேலே ஒரே சம்பவம், கீழே நேர்மாறான விளைவு. அப்படியானால் ஸ்ட்ரேட்டோஸ்பியரை (அடுக்கு மண்டலத்தை) பார்த்து முன்கணிப்பு சொல்வதில் சரக்கு இருக்கிறதா, இல்லையா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 ரேடியோசோண்டு

சரக்கு இருக்கிறது. ஆனால் நீங்கள் பார்க்கும் மட்டம் தவறு. அதற்கு வருவதற்கு முன் அடிப்படை கொஞ்சம்.

குளிர்காலத்தில் துருவத்துக்கு வெயிலே கிடையாது. அங்கே அடுக்கு மண்டலக் காற்று குளிர்ந்துகொண்டே போகும். தெற்கே வெயில் உண்டு. இந்த வெப்ப வித்தியாசத்தால் துருவத்தைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றுவளையம் சுழலும். அதுதான் துருவச் சுழல். நடு ஜனவரியில் 60 வடக்கு, 10 ஹெக்டோபாஸ்கலில் சராசரியாக நொடிக்கு 30 மீட்டரைத் தாண்டி வீசும்.

இதை உடைப்பது கீழிருந்து ஏறும் பேரலைகள். இமயமலை, திபெத், ராக்கி மலைகளில் காற்று மோதுவதாலும், குளிர்ந்த கண்டத்துக்கும் வெதுவெதுப்பான கடலுக்கும் உள்ள வித்தியாசத்தாலும் இவை பிறக்கின்றன. உலகைச் சுற்றி ஒரு மேடு ஒரு பள்ளம் என்றால் அலை எண் 1. இரண்டு மேடு இரண்டு பள்ளம் என்றால் எண் 2. அதைவிடச் சிறிய அலைகள் மேலே போகாமலே மடிந்துவிடும். மேற்குக் காற்று வீச வேண்டும், ஆனால் அளவுக்கு மிஞ்சி வீசக் கூடாது. அப்போதுதான் பேரலை ஏறும். 1961-ல் சார்னியும் டிராசினும் இதைக் கணக்கில் காட்டினார்கள். கோடையில் மேலே கிழக்குக் காற்று என்பதால் இந்தக் கூத்து எதுவும் கிடையாது.

ஏறிய அலை மேலே போய், கடற்கரையில் அலை உடைவது போல உடைகிறது. உடையும்போது மேற்குக் காற்றின் உந்தத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. காற்று தளர்கிறது, துருவத்துக்கு மேலே காற்று கீழே இறங்குகிறது, இறங்கும் காற்று அமுங்கிச் சூடாகிறது. சில நாளில் 30, 40 டிகிரி ஏறுவது சாதாரணம். வெயிலால் வந்த சூடு அல்ல, அங்கே அப்போது இரவுதான். சைக்கிள் பம்ப் அடிக்கும்போது குழாய் சுடுகிறதே, அந்தச் சூடு. இதற்குப் பெயர் திடீர் வெப்பமேற்றம். 1952-ல் பெர்லினில் ரிச்சர்ட் ஷெர்ஹாக் பலூன் அளவீடுகளில் இதை முதலில் கண்டார். ஏன் நடக்கிறது என்பதை 1971-ல் ஜப்பானின் மட்சுனோ விளக்கினார்.

பத்தாண்டுக்குச் சுமார் ஆறு முறை நடக்கும். ஆனால் சீராக வராது. 1989 பிப்ரவரிக்குப் பிறகு 1998 டிசம்பர் வரை ஒன்றுகூட இல்லை. தென் அரைக்கோளத்தில் மலையும் நிலமும் குறைவு, அலையும் குறைவு. அங்கே காற்று முழுதாகத் திரும்பிய பெரிய சம்பவம் 2002 செப்டம்பரில் நடந்தது ஒன்றுதான்.

#3 மார்கழிப்பனி

வணக்கம் சார். ஒரு சின்ன சந்தேகம். டிவியில "அமெரிக்காவைத் தாக்கும் போலார் வோர்டெக்ஸ்"னு சொல்றாங்களே, அது இதுதானா? அப்புறம், நம்ம ஊட்டி உறைபனிக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

#4 ரேடியோசோண்டு

டிவி சொல்வது பெரும்பாலும் வேறு சுழல். தரையிலிருந்து 5 முதல் 10 கி.மீ. உயரத்தில், ஜெட் காற்றை (உயரத்தில் வேகமாக ஓடும் மேற்குக் காற்று) ஓரமாகக் கொண்டு வருடம் முழுக்க இருக்கும் பெரிய சுழல் அது. அதன் ஒரு மடிப்பு தெற்கே தொங்கினால் சிகாகோ நடுங்கும். நாம் பேசுவது அதற்கு மேலே, இலையுதிர்காலத்தில் பிறந்து வசந்தத்தில் சாகும் சுழல். இரண்டும் ஒன்றையொன்று தொடலாம். ஆனால் ஒன்றல்ல.

ஊட்டி விஷயம்: சம்பந்தம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவலாஞ்சியில் புல் வெளுப்பது தெளிந்த வானம், வறண்ட காற்று, அசைவில்லாத இரவு இந்த மூன்றாலும்தான். பள்ளத்தில் குளிர்காற்று தேங்குவது நாலாவது காரணம். துருவத்தில் சுழல் உடையும்போது வெப்பமண்டலத்தின் மேல் காற்று கொஞ்சம் எழும்பி, அங்கே அடுக்கு மண்டலத்தின் அடிப்பகுதி சற்றுக் குளிர்வது உண்மை. அதனால் இடிமேகங்கள் மாறுமா என்று ஆராய்கிறார்கள். ஊட்டி வெப்பமானியில் அதைத் தேடாதீர்கள்.

#5 பைத்தான்_பாண்டி

#1-ல் "கணக்குப்படி" என்று வந்ததால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஆளாளுக்கு ஒரு விதமாகப் போட்டுவிட்டு இங்கே வந்து சண்டை போடுவது வழக்கம்.

தரவு: ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈ.ஆர்.ஏ.5. பழைய அளவீடுகளை மாடலோடு சேர்த்துக் கட்டிய மறுபகுப்பாய்வு அது. காற்றின் கிழக்கு-மேற்குக் கூறு, 10 ஹெக்டோபாஸ்கல், நாளுக்கு நாலு நேரம் (0, 6, 12, 18) போதும். கால் டிகிரிக் கட்டம் வேண்டவே வேண்டாம். 1 டிகிரியில் இறக்கினால் கோப்பு பதினாறில் ஒரு பங்கு, விடை அதேதான். 60 வடக்கில் எல்லாத் தீர்க்கரேகைகளையும் சராசரி எடுத்தால் ஒரு எண். மேற்குக் காற்று என்றால் நேர் எண், கிழக்குக் காற்று என்றால் எதிர் எண். நாலு நேரச் சராசரி அன்றைய மதிப்பு.

இனி சறுக்கும் இடங்கள்.

சில தரவுகளில் 0 டிகிரியும் 360 டிகிரியும் இரண்டுமே இருக்கும். ஒரே இடத்தை இரண்டு முறை எண்ணிவிடுவீர்கள். ஒன்றை வெட்டுங்கள்.

நவம்பர் முதல் மார்ச் வரைக்குள் மதிப்பு சுழியத்துக்குக் கீழே போகும் முதல் நாள்தான் சம்பவ நாள். ஆனால் அதற்குப் பிறகு ஏப்ரல் 30-க்குள் தொடர்ந்து 10 நாளாவது மேற்குக் காற்று திரும்ப வர வேண்டும். வரவில்லை என்றால் அது சுழலின் வருடாந்திர முடிவு, திடீர் வெப்பமேற்றம் அல்ல. மார்ச் மாதத்தில் குதிப்பவர்கள் பாதிப்பேர் இங்கேதான் விழுகிறார்கள். ஒரே குளிர்காலத்தில் இரண்டாவது சம்பவம் என்று எண்ண நடுவில் 20 நாள் மேற்குக் காற்று வேண்டும்.

வெப்பநிலைப் படத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். 40 டிகிரி ஏறியும் காற்று திரும்பாமல் போவதுண்டு. அது சிறிய வெப்பமேற்றம்.

நீண்டகாலப் போக்கு பார்ப்பவர்களுக்கு ஒன்று: 2000 முதல் 2006 வரை ஈ.ஆர்.ஏ.5-ன் அடுக்கு மண்டல அடிப்பகுதி இருக்க வேண்டியதைவிடக் குளிர்ந்து கிடந்தது. அந்த வருடங்களுக்கு 5.1 என்று தனியாக மறுபடி ஓட்டி வெளியிட்டார்கள். அதைச் செருகாமல் வரைந்தால் 2000-ல் ஒரு படியும் 2006-ல் ஒரு படியும் தெரியும். அதை வைத்துக் கட்டுரை எழுதிவிடாதீர்கள்.

#6 வடமுனை

2019-க்குச் சிலர் ஜனவரி 1 என்கிறார்கள், சிலர் 2 என்கிறார்கள். அதுவும் இந்த வகைதானா?

#7 பைத்தான்_பாண்டி

அதேதான். எந்த மறுபகுப்பாய்வு, நாள் சராசரியா ஒரே நேர மதிப்பா என்பதைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகும். ஒரு நாளுக்காகக் கோபப்பட வேண்டாம்.

#8 சந்தேகப்பிராணி

எல்லாம் சரி. ஒரு நல்ல உதாரணத்தைக் காட்டி ஊரை நம்ப வைக்கிறீர்கள். 2010 டிசம்பர் என்ன ஆச்சு? 1910 முதல் உள்ள பதிவில் பிரிட்டனின் மிகக் குளிரான டிசம்பர். அதற்கு முன்னால் மேலே எந்தச் சுழலும் உடையவில்லை. உடைந்தும் குளிர் வரவில்லை (2019). உடையாமலும் குளிர் வந்தது (2010). அப்புறம் எதற்கு இந்த வாத்தியம்?

2021 ஜனவரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 5-ஆம் தேதி காற்று திரும்பியது. 8, 9 தேதிகளில் பிலோமினா புயல் மாட்ரிட்டைப் பனியில் புதைத்தது. உடனே "பாருங்கள், துருவச் சுழல்" என்றார்கள். 30 கி.மீ. மேலே நடந்தது மூன்று நாளில் ஸ்பெயினில் கொட்டியதா?

#9 ரேடியோசோண்டு

பிலோமினா பற்றி உங்களோடு முழுச் சம்மதம். அந்தப் புயலுக்கான அமைப்பு அட்லாண்டிக்கில் ஏற்கெனவே தயாராக இருந்தது. மூன்று நாளில் சம்பவத்தைத் தலையில் கட்டுவது அவசரம்.

2010, 2019 இரண்டும் ஒரு கேள்விக்குத்தான் பதில்: இது சுவிட்சா, நிறைகல்லா? சுவிட்ச் அல்ல. தராசின் ஒரு தட்டில் வைக்கும் கல். மறு தட்டில் இன்னொரு கல் இருந்தால் இது தூக்காது. திடீர் வெப்பமேற்றங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு கீழே வரை இறங்குகின்றன. மூன்றில் ஒன்று மேலேயே நின்றுவிடுகிறது. எது இறங்கும் என்பதை 10-ஐப் பார்த்துச் சொல்ல முடியாது. 100 முதல் 150 ஹெக்டோபாஸ்கல் வரை, அதாவது 13 முதல் 16 கி.மீ. மட்டத்தைப் பார்க்க வேண்டும். #2-ன் தொடக்கத்தில் "மட்டம் தவறு" என்று சொன்னது இதைத்தான்.

காரணம் எளிமையானது. 30 கி.மீ. மேலே காற்று கதிர்வீச்சால் தன் இயல்பு வெப்பத்துக்குத் திரும்ப ஒரு வாரம் போதும். 16 கி.மீ.-ல் பல வாரம் ஆகும். பால் கொதித்த பாத்திரத்தில் மேலே நுரை அடங்கிவிடும், அடிக்கனம் சூடு தாங்கும், அது மாதிரி. 100-ல் ஒரு முறை சூடு ஏறிவிட்டால் அது ஒரு மாதம், ஒன்றரை மாதம்கூட அங்கேயே குந்தியிருக்கும். அது குந்தியிருக்கும் வரை கீழே அட்லாண்டிக் ஜெட்டைத் தெற்கே தள்ளிக்கொண்டே இருக்கும். ஜெட்டைச் சுற்றிய புயல்களே அந்தத் தள்ளலைப் பெரிதாக்குகின்றன. விளைவு என்ன? கிரீன்லாந்திலும் வடகிழக்குக் கனடாவிலும் வழக்கத்தைவிட வெப்பம், வட ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் குளிர், மத்தியதரைக் கடல் பக்கம் மழை. எதிர்மறை வட அட்லாண்டிக் அலைவு என்பது இந்த அமைப்புக்குப் பெயர்.

2001-ல் பால்ட்வினும் டன்கெர்ட்டனும் போட்ட படத்தைப் பார்த்திருப்பீர்கள். மேலே பலவீனமான சுழல்களை ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தார்கள். ஈர வண்ணம் சுவரில் வழிவது போல மேலிருந்து கீழே இறங்கி, தரையில் 60 நாள் வரை திட்டுத்திட்டாக நீடிக்கிறது. அந்தப் படத்தில் உள்ள பொறி: அது சராசரி. தனித்தனி வருடங்களைப் போட்டால் சிலவற்றில் வண்ணம் 12 கி.மீ.-ல் வந்து நிற்கும். 2019 அப்படித்தான் நின்றது. மேலே அவ்வளவு ஆட்டம், ட்ரோபோபாஸுக்கு (அடுக்கு மண்டலத்தின் அடி எல்லை) கீழே ஜனவரி முழுக்கச் சரியாக ஒட்டவே இல்லை. பிப்ரவரி கடைசிக்குள் மேலே சுழல் மறுபடி வலுத்துவிட்டது.

#10 சந்தேகப்பிராணி

நிறைகல் என்ற வரை ஏற்கிறேன். அப்படியானால் "சுழல் உடைந்ததால் குளிர்" என்று எழுதுவதை நிறுத்துங்கள். "உடைந்ததால் வாய்ப்பு கூடியது" என்று எழுதுங்கள்.

#11 ரேடியோசோண்டு

சரி. இனி அப்படியே.

#12 மின்சந்தை

ஐரோப்பிய மின் தேவைக் கணிப்புப் பக்கமிருந்து இரண்டு வார்த்தை. இங்கே கேள்வி "நடக்குமா" அல்ல, "எத்தனை நாள் முன்னால் தெரியும்". அதில் இரண்டு கடிகாரம் ஓடுகிறது. ரெண்டையும் குழப்பினால் பணம் போகும்.

முதல் கடிகாரம்: சுழல் உடைவதையே எத்தனை நாள் முன்னால் சொல்லலாம்? பொதுவாக 10 முதல் 15 நாள். 2018 மோசமான கேஸ். சுமார் பத்து நாள் முன்பு வரைக்கும் மாடல்கள் ஒன்று சேரவில்லை. யூரல் மலைப் பக்கம் எழுந்த உயர் அழுத்தமும், வட அட்லாண்டிக்கில் ஒரு முகடு உடைந்து மடிந்த விதமும்தான் முடிச்சு. அதை மாடல் கோட்டைவிட்டால் மேலே போகும் அலையும் தவறு, எல்லாம் தவறு. 2019-ஐ இரண்டு வாரத்துக்கு மேலேயே பிடித்துவிட்டார்கள். வேடிக்கை பாருங்கள்: லேட்டாகப் பிடித்தது தரையில் அடித்தது, சீக்கிரம் பிடித்தது தரையில் ஒன்றும் செய்யவில்லை.

இரண்டாவது கடிகாரம்: உடைந்த பிறகு தரைக்கான கணிப்பு. உடைந்தது உறுதியாகி, 100-லும் இறங்கிவிட்டால் 3-ஆவது வாரத்திலிருந்து 6-ஆவது வாரம் வரை கணிப்புக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயிர் இருக்கும். சாதாரண நாளில் 3-ஆவது வாரக் கணிப்பு பூவா தலையா மாதிரி. அந்த ஜன்னல் திறந்திருக்கும்போது மட்டும் அதை நம்பலாம். எப்போதும் நம்பினால் நஷ்டம்.

ஒரு விஷயம் டிகிரியாக யாரிடமும் கேட்காதீர்கள். "மார்ச் 10 அன்று பிராங்பர்ட்டில் எத்தனை டிகிரி" என்று ஸ்ட்ரேட்டோஸ்பியர் சொல்லாது. வாரச் சராசரி, மூன்று பங்காகப் பிரித்து (குளிர், நடு, வெப்பம்) வாய்ப்பு கேளுங்கள். ஒன்றும் தெரியாதபோது ஒவ்வொன்றும் 33 சதவீதம். குளிர்ப் பங்கு 45 ஆனால் அதுவே பெரிய செய்தி.

45-ஐ வைத்து என்ன செய்வது என்பார்கள். எளிய கணக்கு: முன்னெச்சரிக்கைச் செலவு 20 ரூபாய், எடுக்காமல் குளிர் வந்தால் இழப்பு 100 ரூபாய் என்று வையுங்கள். வாய்ப்பு 20 சதவீதத்தைத் தாண்டினால் செலவழிக்கலாம். செலவு 60 என்றால் 45 சதவீதத்துக்கு அசையக் கூடாது. அதே கணிப்பு, ஆள் மாறினால் முடிவு மாறும். எரிவாயுக் கிடங்கு வைத்திருப்பவனுக்கும் சாலையில் உப்புத் தூவுபவனுக்கும் ஒரே பதில் கிடையாது. உப்பு வண்டிக்காரர் மூன்றாவது வாரத்தைப் பார்க்க வேண்டியதே இல்லை. உப்பு இருப்பைப் பார்த்துக்கொண்டால் போதும்.

#13 வடமுனை

வலுவான சுழலையும் மறக்க வேண்டாம். எல்லோரும் உடைவதையே பேசுகிறோம். 2020 ஜனவரி முதல் மார்ச் வரை சுழல் அசையவே இல்லை. ஐரோப்பாவும் சைபீரியாவும் குளிர்காலம் என்ற பெயரே தெரியாமல் கிடந்தன. பிரிட்டனில் கியாரா, டெனிஸ் என்று புயல் மேல் புயல், பதிவிலேயே மழை மிகுந்த பிப்ரவரி. மேலே அவ்வளவு குளிர் நீடித்ததால் மார்ச்சில் ஆர்க்டிக்குக்கு மேல் ஓசோனும் பெரிதாகக் குறைந்தது. வெள்ளமும் ஒரு குளிர்கால உச்சம்தானே.

#14 மார்கழிப்பனி

சார், நம்ம பக்கம் எம்.ஜே.ஓ. (வெப்பமண்டலத்துல கிழக்கே நகர்ந்து போற மழைமேகக் கூட்டம்) இந்தியப் பெருங்கடலுக்கு வந்தா வடகிழக்குப் பருவமழைக்கு நல்லதுனு சொல்வாங்க. அதுக்கும் இந்தச் சுழலுக்கும் தொடர்பு இருக்குனு ஒரு பதிவுல படிச்சேன். உண்மையா?

#15 ரேடியோசோண்டு

இது நல்ல கேள்வி, இங்கே நிஜமாகவே தொடர்பு இருக்கிறது. நம் கடலைத் தாண்டிய அந்த மழைமேகக் கூட்டம் மேற்குப் பசிபிக்குக்குப் போனதும் (கட்டம் 6, 7) வட பசிபிக்கின் அழுத்த அமைப்பை மாற்றுகிறது. அங்கே அலூஷியன் தாழ்வு (அலாஸ்காவுக்குத் தென்மேற்கே இருக்கும் குறைந்த அழுத்தம்) ஆழமானால் அலை எண் 1 பெருகும், மேலே ஏறும் அலை கூடும். 2018 சம்பவத்துக்கு முன்னால் எம்.ஜே.ஓ. அந்தக் கட்டங்களில் மிக வலுவாக இருந்தது. எல் நினோவும் அதே அலூஷியன் வழியாகத்தான் சுழலைத் தளர்த்துகிறது.

இன்னொன்று க்யூ.பி.ஓ. நிலநடுக்கோட்டுக்கு மேலே அடுக்கு மண்டலக் காற்று சுமார் 28 மாதத்துக்கு ஒரு சுற்று கிழக்கு, மேற்கு என்று மாறும். அங்கே கிழக்குக் காற்று வீசும்போது துருவச் சுழல் சராசரியாகப் பலவீனம். 1980-ல் ஹோல்டனும் டானும் காட்டினார்கள். இதற்குப் பயன்படும் அளவீட்டு வரிசை நமக்குப் பக்கத்தில்தான்: 1967 முதல் 1975 வரை மாலத்தீவின் கன் தீவு, 1976 முதல் சிங்கப்பூர். சிங்கப்பூரில் ஏறும் பலூன் லண்டன் குளிருக்குத் துப்புக் கொடுக்கிறது என்றால் நம்ப மாட்டார்கள்.

இதில் சறுக்கும் இடம்: எந்த மட்டத்தின் க்யூ.பி.ஓ.? 10-ல் கிழக்காக இருக்கும்போது 50-ல் மேற்காக இருக்கும், ஏனென்றால் ஆட்சி மாற்றம் மேலிருந்து மெல்ல இறங்குகிறது. துருவச் சுழலோடு ஒப்பிட 50 ஹெக்டோபாஸ்கலையே பெரும்பாலும் எடுக்கிறார்கள். 2016-லும் 2019-20-லும் இந்தச் சுற்றே நடுவில் குழம்பியது. எனவே அட்டவணை போட்டு "அடுத்த வருடம் கிழக்கு" என்று ஐந்து வருடத்துக்கு எழுதி வைக்காதீர்கள்.

#16 சந்தேகப்பிராணி

டெக்சாஸ்? 2021 பிப்ரவரி நடுவில் மின்கட்டமைப்பே சாயப் பார்த்தது. ஜனவரி 5 சம்பவத்தின் கணக்கில் எழுதலாமா?

#17 வடமுனை

அங்கேதான் இன்னும் சண்டை நடக்கிறது. ஒரு தரப்பு: சுழல் உடைவது மட்டுமல்ல, நீளமாக இழுபடுவதும் கணக்கு. ரப்பர் வளையத்தை இரண்டு பக்கம் இழுத்தால் நீள்வட்டமாகுமே, அப்படி. அப்போது ஏறிய அலை மேலே உடையாமல், மோதித் திரும்பிக் கீழே வருகிறது. கனடாவுக்கு மேல் தாழ்வு ஆழமாகி, குளிர் ராக்கி மலைக்குக் கிழக்கே சரிந்து டெக்சாஸ் வரை போகிறது. மறு தரப்பு: கீழ்வளி மண்டலத்தில் அலாஸ்காப் பக்கத்து முகடே போதுமான காரணம், மேலே தெரிந்தது அதன் நிழல். எந்தப் பக்கம் போனாலும், ஜனவரி 5-ஐயும் பிப்ரவரி 14-ஐயும் ஒரே கோட்டில் இணைப்பது எளிதல்ல. 40 நாள் இடைவெளியில் நடந்தவை ஏராளம்.

ஆர்க்டிக் சூடாவதால் இந்த இழுபடல் கூடுகிறதா என்பது அதற்கு மேலும் ஒரு சண்டை. அதற்குத் தனி இழை போடலாம், இங்கே வேண்டாம்.

#18 பைத்தான்_பாண்டி

அலை ஏறுகிறதா, திரும்புகிறதா என்பதை எண்ணாகப் பார்க்கலாம். 100 ஹெக்டோபாஸ்கலில் வடக்கு-தெற்குக் காற்று, வெப்பநிலை இரண்டையும் எடுங்கள். ஒவ்வொரு நேரத்திலும், ஒவ்வொரு அட்சரேகையிலும் அந்த வளையத்தின் சராசரியைக் கழியுங்கள். மிச்சங்கள் இரண்டையும் பெருக்கி வளையச் சராசரி. பிறகு 45 முதல் 75 வடக்கு வரை சராசரி. இதுதான் வெப்பப் பாய்வு, அலகு கெல்வின் மீட்டர்/நொடி. நடுக்குளிர்காலத்தில் பத்து, பதினைந்து வழக்கம். 30-ஐத் தாண்டி சில நாள் நின்றால் மேலே அடி விழப் போகிறது என்று அர்த்தம். எதிர்மறையானால் அலை திரும்பி வருகிறது.

ஒரு நாள் துடிப்பைவிட முந்தைய 40 நாளின் கூட்டுதான் சுழலின் நிலையோடு நன்றாக ஒட்டும். சுழல் ஒரே குத்தில் விழுவது அபூர்வம், தொடர்ந்து வாங்கித்தான் விழும்.

இரண்டு பிழைகளை அடிக்கடி பார்க்கிறேன். மாதச் சராசரிக் காற்றையும் மாதச் சராசரி வெப்பத்தையும் பெருக்குவது முதல் பிழை. மாதத்துக்குள் வந்துபோன அலை முழுக்கக் காணாமல் போகும். பெருக்கிய பிறகுதான் மாதச் சராசரி. இரண்டாவது பிழை, அட்சரேகையின் கொசைனால் எடை போடாமல் விடுவது. 75 வடக்கின் வளையம் 45 வடக்கின் வளையத்தில் பாதிகூட இல்லை, ஆனால் கட்டங்களின் எண்ணிக்கை ஒன்றே. எடை போடாமல் சராசரி எடுத்தால் துருவம் பெருத்துவிடும். துருவத்தொப்பிச் சராசரிக்கு (65 முதல் 90 வரை) இது இன்னும் மோசம். 90-ல் ஒரே புள்ளியை 360 முறை எண்ணுவீர்கள்.

#19 மின்சந்தை

மாடல் விஷயத்தில் ஒன்று. ஐரோப்பிய மையத்தின் 46 நாள் கணிப்பு 2023 நடுவிலிருந்து தினமும் 101 உறுப்பினரோடு (தொடக்கம் சற்றே மாற்றிய தனித்தனி ஓட்டங்கள்) ஓடுகிறது, அதற்கு முன் வாரம் இரண்டு முறை 51. அமெரிக்க மாடலான ஜி.எஃப்.எஸ். 2021 மார்ச்சில்தான் 64 அடுக்கிலிருந்து 127-க்கு வந்து, உச்சியையும் சுமார் 80 கி.மீ.-க்கு ஏற்றியது. உச்சி தாழ்ந்த, அடுக்கு குறைந்த மாடலில் அலை உடைய இடமே இருக்காது. பழைய ஜி.எஃப்.எஸ். படத்தை வைத்து "இந்த மாடல் எப்போதும் இப்படித்தான்" என்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஒற்றை ஓட்டத்தின் 14-ஆவது நாள் படத்தைப் பகிர்வது பாவம். 101-ல் எத்தனை சுழியத்துக்குக் கீழே போகிறது என்று எண்ணுங்கள். நேற்று 20, இன்று 35, நாளை 60 என்று நகர்ந்தால் அதுதான் செய்தி.

அப்புறம் ஒரு விசித்திரம். அட்லாண்டிக் பக்கம் மாடல்களின் குழுச் சராசரி இருக்க வேண்டியதைவிட மங்கலாக இருக்கும். 2014-ல் பிரிட்டிஷ் வானிலைத் துறையினர் குளிர்கால அலைவைச் சில மாதம் முன்பே 0.6 ஒட்டுறவோடு சொன்னார்கள். ஆனால் மாடலுக்குள்ளேயே பார்த்தால் அவ்வளவு தெரியக் கூடாது. நிஜ வானம் மாடல் நினைப்பதைவிடக் கணிக்கத்தக்கது! சமிக்ஞை-இரைச்சல் முரண் என்பார்கள். செய்ய வேண்டியது: குழுச் சராசரியின் திசையை நம்புங்கள், அளவைப் பழைய கணிப்புகளோடு ஒப்பிட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள். சராசரி சின்னதாக இருக்கிறதே என்று ஒதுக்கினால் கையிலிருந்த துப்பையே எறிந்ததாகும்.

#20 மார்கழிப்பனி

ரொம்ப நன்றி. அப்ப தினமும் பார்க்கணும்னா எந்த வரிசையில பார்க்கணும்?

#21 ரேடியோசோண்டு

குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு முறை க்யூ.பி.ஓ.-வும் எல் நினோ நிலையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வாரத்துக்கு இரண்டு முறை 100-ன் வெப்பப் பாய்வு. அது எழும்பினால் மட்டும் 10-ன் காற்றைத் தினமும் பாருங்கள். காற்று திரும்பிய பிறகு 10-ஐ மறந்துவிட்டு, 100-லும் 150-லும் துருவத்தொப்பி உயரம் (துருவத்தைச் சுற்றி அந்த அழுத்த மட்டம் இருக்கும் சராசரி உயரம்) வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள். பத்து நாள் கழித்தும் அங்கே இறங்கவில்லை என்றால் 2019-ஐ நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வது நல்லது.

#22 வடமுனை

#21-ன்படி 2018, 2019 இரண்டுக்கும் துருவத்தொப்பி உயரம் போட்டுப் பார்த்தேன். 100-ல் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் எனக்கு உயரம் ஒன்றரை லட்சத்துச் சொச்சம் என்று வருகிறது. 16 கி.மீ. தானே வர வேண்டும்?

#23 பைத்தான்_பாண்டி

அது உயரம் இல்லை தலைவா, புவியாற்றல். 9.80665-ஆல் வகுங்க. வகுத்த பிறகு ஒவ்வொரு நாளும் உலகச் சராசரி உயரத்தையும் கழிச்சிடுங்க. பூமி சூடாகிறதால இந்த மட்டங்கள் மெல்ல மெல்ல மேலே போகுது, கழிக்கலைன்னா சமீப வருஷம் எல்லாமே பலவீனச் சுழல் மாதிரி தெரியும். நாள்வாரி வழக்கமான மதிப்பு எடுக்கிறப்ப பிப்ரவரி 29-ஐத் தனி நாளா விடாதீங்க. முப்பது வருஷத்துல அதுக்கு ஏழெட்டு மதிப்புதான் கிடைக்கும், கோட்டுல அந்த இடத்துல ஒரு பல் முளைச்சு நிக்கும்.